மோரிஸ் மைனர ஆறு மாசம் நிறுத்தி வைக்கணும், வெள்ளக்காரன் விண்டர் லிஸ்ட் நமக்கு ஒத்து வருமா?

மைனர்66 (ஆயர் ஈத்தாம்)

வணக்கம் மக்களே. மக லீட்ஸ்ல இருக்கா, பிரசவத்துக்கு நானும் வீட்டுக்காரியும் போறோம், அக்டோபர்ல ஏறுனா மார்ச் கடைசிலதான் திரும்ப வருவோம். வீட்ட பாத்துக்க ஆள் இருக்கு, பூனைக்கு சோறு போட ஆள் இருக்கு, காடிக்குத்தான் கவலை. 1966 மோரிஸ் மைனர் 1000, ரெண்டு கதவு, 1098 சிசி. மாமனார் தோட்டத்து ஆஸ்பத்திரில டிரெஸ்ஸரா, அதான் மருத்துவ உதவியாளரா இருந்தப்போ ஓட்டுன காடி, அதனால என்னைவிட வீட்டுக்காரிக்கு அது மேல பாசம் ஜாஸ்தி. கராஜ் கெடையாது, போர்ச்தான், மேல கூரை உண்டு, மூணு பக்கமும் தெறப்பு.

நெட்ல தேடுனா வர்றதெல்லாம் விண்டர் ஸ்டோரேஜ். ஆண்டிபிரீஸ் ஊத்து, ரோட்டு உப்ப கழுவு, ஐஸ் கட்டாம பாத்துக்கன்னு. இங்க பினாங்குல ராத்திரி கூட ஃபேன் போட்டுத்தான் தூங்குறோம், இதுல எத எடுத்துக்கறது எத விடறதுன்னு தெரியல. மச்சான் மகன் வாரம் ஒருக்கா வந்து அஞ்சு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி விடறேங்கறான். அது போதும்னா வேலை சுலபம்.

ஜாலான்ராஜா (பட்டர்வொர்த்)

போதும்ணே. ஏன் மண்டைய போட்டு ஒடைக்கிறீங்க. பழைய காடி ஓடிட்டே இருந்தா ஒண்ணும் ஆகாது, நான் என் டட்சன் 120ஒய்ய அப்படித்தான் வச்சிருக்கேன், வாரம் ஒருக்கா சாவிய போட்டு ஆன் பண்ணி காப்பி குடிச்சிட்டு வந்து ஆஃப் பண்ணிடுவேன்.

செந்தூல்போமன் (கேஎல்)

ராஜா அண்ணே கோவிச்சுக்காதீங்க, நீங்க சொல்றதுதான் இருக்கறதுலயே மோசமான வேலை. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிஞ்சா கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணி ஆவியா வெளிய வரும், இது கெமிஸ்ட்ரி, நம்ம இஷ்டம் இல்ல. எஞ்சின் நல்லா சூடாயிருந்தா அந்த ஆவி எக்ஸாஸ்ட் வழியா போயிடும். அஞ்சு நிமிஷத்துல எஞ்சின் வெதுவெதுன்னுதான் இருக்கும், சைலன்சர் இன்னும் பச்சத்தண்ணி, ஆவி அங்கயே தண்ணியாகி உக்காந்துக்கும். கொஞ்சம் பிஸ்டன் பக்கமா எறங்கி எண்ணெயில கலக்கும். எண்ணெய் மூடிய தெறந்தா உள்பக்கம் மயோனைஸ் மாதிரி வெள்ளையா ஒட்டியிருக்கும் பாருங்க, அதுதான். சோக் இழுத்து ஸ்டார்ட் பண்றதால பச்ச பெட்ரோல் வேற சிலிண்டர் சுவத்துல இருக்கற எண்ணெய கழுவி விட்டுடும். பேட்டரிக்கும் லாபம் இல்ல, ஸ்டார்ட்டர் தின்னத அஞ்சு நிமிஷ ஐடிலிங்ல பழைய டைனமோ திருப்பி குடுக்காது, மைனர்ல டைனமோ ஐடிலிங்ல சார்ஜே பண்றதில்ல, சிவப்பு லைட் எரிஞ்சிட்டுத்தானே இருக்கும்.

ரெண்டுல ஒண்ணு. மச்சான் மகன் ஒழுங்கா ஓட்டத் தெரிஞ்ச பையனா இருந்தா ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா அரை மணி நேரம் ரோட்டுல ஓட்டட்டும், கியர் மாத்தி, பிரேக் புடிச்சி. இல்லியா, முழுசா படுக்க போட்டுட்டு ஒருத்தனும் சாவிய தொடக்கூடாது. நடுவுல நிக்கற வழி கெடையாது.

மைனர்66 (ஆயர் ஈத்தாம்)

பையன் ஆட்டோ காடி பையன் தம்பி. கிளட்ச் எந்தக் கால்னு கேப்பான். படுக்க போட்டுடலாம்.

பிஎம்பையன் (இப்ப பர்மிங்காம்)

அங்கிள், நான் புக்கிட் மெர்த்தாஜாம் ஆளு, இங்க வந்து செட்டில் ஆயிட்டேன், என்கிட்டயும் ஒரு மைனர் இருக்கு. இங்க ஏன் விண்டர்ல நிறுத்துறாங்கன்னு சொல்றேன், அப்ப உங்களுக்கே எது வேணும் எது வேணாம்னு புரியும்.

முதல் காரணம் ரோட்டு உப்பு. ஐஸ் கட்டாம இருக்க லாரி வச்சு உப்ப வாரி போடுவாங்க, அந்த உப்புத் தண்ணி அடில அடிச்சா பழைய இரும்பு காலி. அதனால குளிர் ஆரம்பிக்க முன்னாடியே கழுவி உள்ள போட்டுருவாங்க. ரெண்டாவது தண்ணி ஐஸானா விரியும், ரேடியேட்டர்ல வெறும் தண்ணி இருந்தா எஞ்சின் பிளாக்கே வெடிக்கும், அதுக்குத்தான் ஆண்டிபிரீஸ், பாதிக்கு பாதி கலந்தா மைனஸ் 35 வரைக்கும் தாங்கும். மூணாவது காலியான பேட்டரி உறைஞ்சு போயிடும், முழு சார்ஜ்ல இருக்கறது உறையாது. நாலாவது பெட்ரோல். 2021 செப்டம்பர்லேர்ந்து இங்க சாதா பெட்ரோல்ல 10 சதவீதம் வரைக்கும் எத்தனால், அது ஈரத்த இழுக்கும், பழைய ரப்பர் ஹோஸ அரிக்கும், அதனால நாங்க 5 சதவீத சூப்பர் பெட்ரோல் போட்டு நிறுத்துவோம்.

அப்புறம் சோர்ன்னு ஒரு பேப்பர் வேலை இருக்கு, காடி ரோட்டுல வராதுன்னு அரசாங்கத்துக்கு எழுதிக் குடுக்கறது. அது உங்களுக்கு தேவையே இல்ல, லிஸ்ட்ல பாத்தா தாண்டி போங்க.

வோல்வோஅக்கா (பிஜே)

தம்பி சொன்னது தெளிவா இருக்கு. ஆனா இங்க உப்பு இல்லன்னு நெனச்சிடாதீங்க அண்ணே. தஞ்சோங் பூங்கா, பத்து ஃபெரிங்கி பக்கம் வீடுன்னா கடக்காத்துலயே உப்பு வருது. ஆயர் ஈத்தாம் உள்ள தள்ளி மல ஓரம், அதனால உங்களுக்கு உப்பு கம்மி, ஆனா ஈரம் ஜாஸ்தி. காத்துல ஈரப்பதம் 60 சதவீதத்த தாண்டுனாலே இரும்புக்கு ஆவாது, நமக்கு ராத்திரில 90ஐ தொடும். அதுவும் நீங்க கெளம்புற அக்டோபர் பினாங்குக்கு நல்ல மழை மாசம், ஜனவரி பிப்ரவரிலதான் காயும். ஆக நமக்கு எதிரி குளிர் இல்ல, ஈரமும் எலியும் பூஞ்சணமும்தான்.

கவர் பத்தி முதல்ல சொல்லிடறேன். பாசார் மாலாம்ல, அதான் ராத்திரி சந்தைல விக்கற வெள்ளி கலர் பிளாஸ்டிக் கவர் வேணவே வேணாம். ஈரம் உள்ள போகும், வெளிய வராது, வெயில்ல வெந்து பெயிண்ட்ல சின்னச்சின்ன கொப்புளம் வரும். துணி மாதிரி மூச்சு விடற கவர் வாங்குங்க. மூணு பக்கம் தெறந்த போர்ச்சுல காத்துக்கு கவர் ஆடும், ஆடுனா அடில இருக்கற தூசி பெயிண்ட தேய்க்கும், அதனால நல்லா கழுவி வேக்ஸ் போட்டு காஞ்சப்புறம்தான் மூடணும், வயித்துக்கு அடில பெல்ட் வச்சு இழுத்து கட்டணும். தரைல தடி பிளாஸ்டிக் ஷீட் விரிச்சு அதுமேல காடிய ஏத்துங்க, சிமெண்ட் தரைலேர்ந்து ஏறுற ஈரம் நேரா அடிய தாக்காது. இத யாரும் செய்யறதில்ல, ஆனா கைமேல பலன்.

செந்தூல்போமன் (கேஎல்)

அக்கா சொன்னது மேல் பக்கம். நான் கீழ் பக்கம் சொல்றேன், எழுதி வச்சுக்குங்க.

எண்ணெய மாத்துறது நிறுத்துறதுக்கு முன்னாடி, வந்ததுக்கப்புறம் இல்ல. ஓடுன எண்ணெயில ஆசிட் இருக்கும், ஆறு மாசம் பேரிங் அதுலயே ஊறும். மாத்திட்டு ஒரு நல்ல ஓட்டம் ஓட்டுங்க, பாயா தெருபோங் பக்கமா ஏறி ஜாலான் துன் சார்டன் மல ரோட்டுல பாலிக் புலாவ் போயிட்டு வந்தா எஞ்சின், கியர்பாக்ஸ், எக்ஸாஸ்ட் எல்லாம் கொதிச்சு காஞ்சிடும். அந்த சூட்டோட வந்து நிறுத்துங்க.

பிரேக். பிரேக் எண்ணெய்ல டாட் 3, டாட் 4 ரெண்டுமே காத்துல இருக்கற ஈரத்த இழுக்கற சாமான். டாட் 4 புதுசுல 230 டிகிரில கொதிக்கும், தண்ணி இழுத்ததுக்கப்புறம் 155க்கு எறங்கிடும். கொதிநிலைய விட மோசம், சிலிண்டர் உள்ள துருப்புடிச்சு பிஸ்டன் எறுகிக்கும். மைனர்ல மாஸ்டர் சிலிண்டர் எங்க இருக்குன்னு பாதி போமனுக்கே, அதான் மெக்கானிக்குக்கே தெரியாது, பானட்ட தெறந்து தேடுவான். டிரைவர் கால் வைக்கற எடத்துல கார்பெட்ட தூக்குனா மூடி இருக்கும், அதுக்கு கீழ சட்டத்துக்குள்ள ஒளிஞ்சு கெடக்கும். கண்ணுல படாததால யாரும் எண்ணெய் பாக்கறதில்ல. புது டப்பா தெறந்து நாலு வீலும் பிளீட் பண்ணி பழைய எண்ணெய வெளியேத்திட்டு போங்க. பழைய டப்பா மிச்சம் வேணாம், அதுவே ஈரம் குடிச்சிருக்கும்.

ஹேண்ட்பிரேக் போடாதீங்க. பின் டிரம்ல லைனிங் ஒட்டிக்கும், வந்து சுத்தியல் வச்சு அடிக்கணும். கியர்ல விட்டு வீலுக்கு முன்ன பின்ன கட்டை வையுங்க. கிளட்சும் ஃப்ளைவீலோட ஒட்டும், இந்த ஈரத்துல அது சகஜம், பெடல அழுத்தி சீட்டுக்கும் பெடலுக்கும் நடுவுல ஒரு கட்டைய முட்டு குடுங்க. மைனர்ல கிளட்ச் ராட் வச்சுத்தான் வேலை செய்யுது, ஹைட்ராலிக் இல்ல, அதனால சீல் போயிடுமோன்னு பயப்பட வேணாம்.

கூலன்ட். உறையாதுதான், ஆனா குழாத் தண்ணி மட்டும் ஊத்துறவன் கைல மாட்டுன ஏ சீரீஸ் எஞ்சின, மைனர்ல இருக்கற அதே வகைய, தெறந்து பாத்திருக்கேன், தண்ணி போற வழியெல்லாம் செங்கல் கலர் சேறு. கூலன்ட்ல இருக்கற துரு தடுக்கற மருந்துக்காகவே ஊத்தணும். பழைய டைப் பச்ச கூலன்ட் போதும்.

மைனர்66 (ஆயர் ஈத்தாம்)

தம்பி அருமை. பேட்டரிய கழட்டி வீட்டுக்குள்ள வச்சுடவா? பெட்ரோல் டேங்க ரொப்பவா காலி பண்ணவா? ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

பிஎம்பையன் (இப்ப பர்மிங்காம்)

பேட்டரி கழட்டுறப்ப ஒண்ணு கவனம் அங்கிள். மைனர் பாக்டரிலேர்ந்து பாசிட்டிவ் எர்த். பாடில மாட்டியிருக்கறது பிளஸ் வயர். யாராவது டைனமோவ எடுத்துட்டு ஆல்டர்னேட்டர் போட்டிருந்தா நெகட்டிவ்க்கு மாத்தியிருப்பாங்க, பாத்துட்டு கைய வைங்க. எப்பவும் எர்த் பக்கத்த முதல்ல கழட்டணும், அதாவது மாத்தாத மைனர்ல பிளஸ்ஸ முதல்ல. சாதா காடி பழக்கத்துல மைனஸ்ஸ முதல்ல கழட்டப் போய் ஸ்பானர் பாடில பட்டா தீப்பொறி பறக்கும்.

வோல்வோஅக்கா (பிஜே)

கழட்டி வீட்டுக்குள்ள வச்சா மட்டும் பத்தாது அண்ணே. லெட் ஆசிட் பேட்டரி சும்மா இருந்தாலே சார்ஜ் எறங்கும், சூடு 10 டிகிரி ஏறுனா எறங்குற வேகம் ரெண்டு மடங்கு. அவங்க ஊர் குளிர்ல மூணு நாலு மாசம் தாங்குறது இங்க தாங்காது. 12.4 வோல்ட்டுக்கு கீழ எறங்கி அப்படியே கெடந்தா பிளேட்டுல சல்ஃபேட் கட்டிடும், அப்புறம் என்ன சார்ஜ் பண்ணாலும் வராது. சின்ன மெயிண்டெய்னர் சார்ஜர் ஒண்ணு வாங்கி மாட்டி விடுங்க, இல்லன்னா அந்த ஆட்டோ பையன மாசம் ஒருக்கா சாதா சார்ஜர்ல ஒரு ராத்திரி போட சொல்லுங்க. அவனுக்கும் ஒரு வேலை.

ஜாலான்ராஜா (பட்டர்வொர்த்)

பெட்ரோலுக்கு நான் சொல்றேன், இதுல யாரும் என்னை மறுக்க முடியாது. டேங்க ஃபுல்லா ரொப்புங்க. காலி டேங்க்ல காத்து இருக்கும், காத்துல ஈரம் இருக்கும், தகரம் உள்ளேர்ந்து துருப்புடிக்கும்.

செந்தூல்போமன் (கேஎல்)

மறுக்கல அண்ணே, இது சரி. டேங்க் ஃபுல், பெட்ரோல் கெடாம இருக்கற மருந்து ஒரு பாட்டில் ஊத்தி பத்து நிமிஷம் ஓட்டுனா மருந்து கார்ப்ரேட்டர் வரைக்கும் போயிடும். ஆனா கார்ப்ரேட்டர் கிண்ணத்துல பெட்ரோல் நிக்கக்கூடாது, அது காஞ்சு பிசினாயிடும். எஸ்யூ பம்புக்கு, அதான் பெட்ரோல் பம்புக்கு போற கரண்ட் வயர உருவி விட்டுட்டு எஞ்சின ஓட விடுங்க, கிண்ணம் காலியானா தானா நிக்கும். பெட்ரோல் நெறஞ்ச டேங்க் போர்ச்சுல நிக்குதுன்னா சாமி விளக்கு, ஊதுவத்தி, தீபாவளி மத்தாப்பு எதுவும் அந்தப் பக்கம் கூடாது. நீங்க இல்லாதப்ப பக்கத்து வீட்டு பசங்க பட்டாசு வெடிப்பாங்க, சொல்லி வச்சுட்டு போங்க.

டிராவலர்தாத்தா (தைப்பிங்)

பினாங்கு ஆளுங்க மழைய பத்தி பேசறீங்க, தைப்பிங்க வந்து பாருங்க. என்கிட்ட இருக்கறது மைனர் டிராவலர், பின்னாடி மரச்சட்டம் போட்டது. அந்த மரம் அலங்காரத்துக்கு இல்ல, பின் பாடிய தாங்குறதே அதுதான். சீமைல அதுக்கு மழைத்தண்ணி எறங்கி மக்கறதுதான் பயம், இங்க கறையானும் சேந்து வரும். ஒருதடவ தரைலேர்ந்து டயர் மேல மண் கோடு ஏறி நிக்கறத பாத்தேன், சுண்டு விரல் தடிமன்ல, நேரா மரத்த நோக்கி. மைனர்66 உமக்கு ரெண்டு கதவு சலூன், கறையான் கவலை இல்ல, ஆனா குளவி உண்டு. எக்ஸாஸ்ட் பைப், டேங்க் மூச்சு விடற ஓட்டை ரெண்டையும் மண்ண வச்சு அடச்சிடும். பைப்புல இரும்பு நார உருட்டி திணிச்சு விடும், எலியும் போவாது. திணிச்சத மறக்காம இருக்க ஸ்டியரிங்ல ஒரு சிவப்பு துணி கட்டும்.

வோல்வோஅக்கா (பிஜே)

தாத்தா சொன்ன எலிக்கு ஒண்ணு சேக்கறேன். எலி மருந்து மட்டும் காடிக்குள்ள வைக்காதீங்க. தின்னுட்டு ஹீட்டர் டக்ட்ல போய் செத்துச்சுன்னா டேஷ்போர்ட கழட்டணும், எங்க வீட்டு வோல்வோல அந்த நாத்தம் தீபாவளிக்கு ஆரம்பிச்சு பொங்கல் வரைக்கும் இருந்துச்சு. கூண்டு வைங்க, போர்ச் ஓரத்துல. பாண்டான் இலைக்கு கரப்பான் ஓடும்னு டாக்சிக்காரங்க வைப்பாங்க, எலி அத மதிக்காது. அந்துருண்டை வச்சா எலி போகுதோ இல்லியோ, சீட்டுல ஏறுன வாசன போகவே போகாது.

உள்ள ஈரத்துக்கு ஹார்ட்வேர் கடைல தண்ணி உறிஞ்சற டப்பா விக்குது, உள்ள வெள்ள உருண்டையா இருக்கும். நல்லாத்தான் உறிஞ்சும். ஆனா அது கால்சியம் குளோரைடு, உறிஞ்சதெல்லாம் உப்புத்தண்ணியா அடில நிக்கும், கவுந்துச்சுன்னா உங்க ஃப்ளோர் அவ்வளவுதான், கடல் தண்ணிய நாமளே காடிக்குள்ள ஊத்துன கணக்கு. பெரிய பிளாஸ்டிக் பேசினுக்குள்ள வச்சு, மாசம் ஒருக்கா பையன மாத்த சொல்லுங்க. மாத்த ஆள் இல்லன்னா அடுப்புக்கரிய துணில கட்டி போட்டுட்டு போங்க, வேகம் கம்மி, ஆனா கெடுதல் இல்ல. கண்ணாடிய ரெண்டு விரல் எறக்கி வச்சா காத்து ஓடும், எறக்குன எடத்துல கொசுவல ஒட்டிடுங்க. கதவுக்கு அடில தண்ணி வடியற சின்ன ஓட்டைங்கள ஒரு குச்சி விட்டு நோண்டிடுங்க, இலையும் மண்ணும் அடச்சிருக்கும்.

ஜாலான்ராஜா (பட்டர்வொர்த்)

வெள்ளம் பத்தி யாரும் பேசலியே. 2017 நவம்பர் 4 ராத்திரி மறந்து போச்சா? ஆயர் ஈத்தாம் பக்கமெல்லாம் தண்ணி வந்துச்சு. அண்ணே உங்க போர்ச் எவ்ளோ உயரம்?

மைனர்66 (ஆயர் ஈத்தாம்)

ரோட்டுலேர்ந்து ரெண்டடி மேல ராஜா, அன்னிக்கு வாசப்படி வரைக்கும் வந்துச்சு, உள்ள ஏறல. மாப்ள ஒருத்தன் கேஎல்ல கொண்டோ பேஸ்மெண்ட்ல விட சொல்றான், மழை படாது, வெயில் படாதுன்னு.

செந்தூல்போமன் (கேஎல்)

பேஸ்மெண்ட் வேணவே வேணாம். 2021 டிசம்பர்ல கிள்ளான் பள்ளத்தாக்குல வெள்ளம் வந்தப்போ இழுத்துட்டு வந்த காடிங்களோட நெலமைய பாத்தவன் நான். தண்ணி வந்தா முதல்ல ரொம்பறது பள்ளந்தான். உங்க போர்ச்சே மேல். இன்சூரன்ஸ மட்டும் பாத்துக்குங்க, ஃபர்ஸ்ட் பார்ட்டி, அதான் முழு இன்சூரன்ஸ் போட்டிருந்தாலும் வெள்ளம் அதுல தானா அடங்காது, ஸ்பெஷல் பெரில்ஸ்னு தனியா காசு கட்டி சேக்கணும். காடிய என்ன மதிப்புக்கு போடறோம்னு ஏஜண்ட்கிட்ட முன்னாடியே பேசி எழுத்துல வாங்குங்க, 66 மாடல் காடிக்கு அவன் பாட்டுக்கு சில்லற காச போட்டுடுவான்.

டிராவலர்தாத்தா (தைப்பிங்)

டயர் விட்டுப்போச்சு. ஒரே எடத்துல நின்னா அடில தட்டையாயிடும். வழக்கமா 22, 24 பிஎஸ்ஐ வைக்கறோம், நிறுத்தறப்ப 35க்கு ஏத்தி விடும். நாலு ஸ்டாண்டுல தூக்கி நிறுத்துங்கறவனும் உண்டு, எனக்கு அதுல இஷ்டம் இல்ல, சஸ்பென்ஷன் மாசக்கணக்குல தொங்குனா ரப்பர் புஷ்ஷெல்லாம் முறுக்கிக்கும். பையன் பேட்டரி பாக்க வர்றப்ப கட்டைய எடுத்துட்டு அரை அடி தள்ளி விட சொல்லும், போதும். கிளட்சுக்கு முட்டு குடுத்திருந்தா கியர்ல இருந்தாலும் காடி உருளும், பையன் கால நசுக்கிக்க போறான், ரெண்டு பேரா தள்ள சொல்லும்.

மைனர்66 (ஆயர் ஈத்தாம்)

எல்லாருக்கும் நன்றி, பிரிண்ட் எடுத்து பையன்கிட்ட குடுக்கப்போறேன். மார்ச்ல வந்ததும் எப்படி எழுப்பறதுன்னும் சொல்லிடுங்க, ஜெட்லாக்ல நான் பாட்டுக்கு நேரா போய் சாவிய திருப்பிடுவேன்.

செந்தூல்போமன் (கேஎல்)

இரும்பு நார எடுங்க. கிளட்ச் முட்டு எடுங்க, நியூட்ரல் பண்ணுங்க. எலி வயர கடிச்சிருக்கான்னு டார்ச் அடிச்சு பாத்துட்டு பேட்டரிய மாட்டுங்க, எர்த் வயர் கடைசியா. நாலு பிளக்கையும் கழட்டி ஒவ்வொரு சிலிண்டர்லயும் ஒரு டீஸ்பூன் எண்ணெய் விடுங்க. மைனருக்கு முன்னாடி ஹேண்டில் போடற ஓட்டை இருக்கு, வேற எந்த காடிக்கு இந்த பாக்கியம், ஹேண்டில் போட்டு கையால மெதுவா சுத்துங்க, கட்டை விரல மத்த விரலுங்க பக்கமே வச்சு புடிங்க. லேசா சுத்துச்சுன்னா பிளக்க மாட்டுங்க.

அப்புறம் பம்பு வயர மாட்டி சாவிய ஆன் மட்டும் பண்ணுங்க. எஸ்யூ பம்பு டிக்டிக்டிக்னு அடிச்சு கிண்ணம் ரொம்புனதும் நிக்கணும். சத்தமே வரலன்னா உள்ள இருக்கற கரண்ட் பாயிண்ட் ஒட்டிக்கிச்சு, ஸ்பானர் பின்பக்கத்தால பம்பு மேல லேசா ஒரு தட்டு. பாதி தடவ அதுலயே எழுந்துரும். நிக்காம அடிச்சிட்டே இருந்தா உடனே ஆஃப் பண்ணிட்டு கீழ குனிஞ்சு பாருங்க, எங்கயோ பெட்ரோல் ஒழுகுது.

ஸ்டார்ட் ஆனதும் முதல் வேலை பிரேக். கேட்டுக்குள்ளயே முன்ன பின்ன நாலு தடவ புடிச்சு பாத்துட்டுத்தான் ரோட்டுக்கு.

பிஎம்பையன் (இப்ப பர்மிங்காம்)

அங்கிள் பம்பு பாயிண்ட் செட்டு, டயாப்ரம் எல்லாம் இங்க சுலபமா கெடைக்கும், வெலையும் கம்மி. லீட்ஸ்ல இருக்கறப்பவே ஆர்டர் பண்ணி பெட்டில போட்டுக்குங்க, போஸ்ட்ல மலேசியாவுக்கு வாங்குனா ஷிப்பிங் சாமான் வெலைய தாண்டிடும்.

மைனர்66 (ஆயர் ஈத்தாம்)

அப்படியா, அப்ப கதவு ரப்பரும் ஒரு செட் வேணும். வீட்டுக்காரி பேபி சாமானுக்கு பெட்டில எடம் கேப்பா, ரப்பர சுருட்டுனா எவ்ளோ எடம் புடிக்கும்னு சொல்லு தம்பி.